‘ஜே’யில் தேடினால் கிடைக்காது

நவம்பர் பிறந்தால் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு ஒரு வேலை வந்துவிடும். நாம் உயிரோடு இருக்கிறோம் என்று நாமே போய்ச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. என் ஓய்வூதியப் புத்தகத்தில் என் மனைவியின் பிறந்த தேதி ஒன்று, ஆதாரில் வேறொன்று. எனக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் அவளுக்கு வர வேண்டும். 80 வயதில் கூடுதல் தொகை தொடங்குவதும் அந்தத் தேதியை வைத்துத்தான். 37 வருஷம் எழுத்தராக உட்கார்ந்து, கணவனை இழந்த பெண்கள் ஒரு எழுத்துப் பிழைக்காக மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்தவன் நான். இவளும் அப்படி அலையக்கூடாது என்று, அவள் பிறந்த பதிவின் நகலை வாங்கிவிட முடிவு செய்தேன்.

காலை ஒன்பதரைக்கு இருவரும் ஸ்கூட்டரில் புறப்பட்டோம். முதலில் வங்கி. சர்வர் இல்லை என்றார்கள். பதினோரு மணிக்குச் சர்வர் வந்தது, என் கைரேகை வரவில்லை. புடவைத் தலைப்பால் என் விரலைத் துடைத்துத் துடைத்து இவள் வைக்கச் சொன்னாள். ஆறாவது முறைதான் நான் உயிரோடு இருப்பதை இயந்திரம் ஒப்புக்கொண்டது.

அங்கிருந்து பதிவேடுகள் இருக்கும் அலுவலகம். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் பேத்தி வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினாள். 1953ஆம் வருஷத்துப் பேரேட்டின் பெயர் அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்து, “அம்மா பேரு இதுல இல்லீங்க அய்யா” என்றாள். வேண்டுமானால் மூன்று மணிக்கு மேல் வாருங்கள், மறுபடி பார்க்கிறேன் என்றாள்.

வெளியே வந்ததும் இவள் முகம் வாடிவிட்டது. “அப்போ நான் பொறந்ததையே எங்கப்பா எழுதி வைக்கலையாங்க?” என்று கேட்டாள். எழுபது வயதைத் தாண்டியவள் அப்படிக் கேட்டது எனக்கு என்னவோ போல் இருந்தது. அவளுடைய அப்பா அப்படிப்பட்டவர் அல்ல. பால் கணக்கைக்கூட எழுதி வைத்தவர்.

டீக்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என் மனைவியின் பெயர் ‘ஜ’வில் தொடங்கும். (முழுப் பெயரை இங்கே எழுதினால் வீட்டில் சண்டை வரும்.) அந்தப் பெண் இங்கிலீஷ் ‘ஜே’ எழுத்தில் தேடியிருக்கிறாள். பிரெஞ்சில் ‘ஜே’ எழுத்துக்கு நம் ‘ஜ’ ஓசை கிடையாது. அதனால் பிரெஞ்சுக்கார எழுத்தர்கள் ‘ஜ’ வரும் பெயர்களுக்கு முன்னால் ஒரு ‘டி’ சேர்த்து எழுதினார்கள். ஜெயராமன் ‘டி’ வரிசையில் இருப்பார். அதேபோல ‘உ’ ஓசைக்கு ‘ஓ, யூ’ என்று இரண்டு எழுத்து. முருகன் என்றால் கடைசியில் ஒரு ‘ஈ’யும் ஒட்டிக்கொள்ளும்.

நான் சொன்னதும், “இத்தனை வருஷம் ஃபைல் பார்த்தீங்க, இது காலையில தோணலையா?” என்றாள். நியாயமான கேள்விதான். பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பணியில் சேர்ந்த காலத்தில் பழைய பேரேடுகளைப் படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். பதினைந்து வருஷ ஓய்வில் அதுவும் மறந்து போயிருக்கிறது.

மூன்று மணிக்கு மறுபடி போனோம். ‘டி’ வரிசையில் இரண்டே நிமிஷத்தில் பெயர் கிடைத்தது. பெரிய பேரேட்டைத் தூக்கி வந்து விரித்த அந்தப் பெண், “இதுல வருஷமே காணோமே அய்யா” என்றாள். இருந்தது. ‘மில் நெஃப் சான்’ என்று தொடங்கி எல்லாம் எழுத்தால் இருந்தது. பிரெஞ்சுக் குடிமைப் பதிவில் தேதியை இலக்கத்தால் எழுத மாட்டார்கள். இலக்கத்தைத் திருத்துவது சுலபம், எழுத்தைத் திருத்துவது கடினம். ஒவ்வொரு பதிவும் இரண்டு பிரதி. ஒன்று மேரியில், இன்னொன்று நீதிமன்றத்தில்.

நான் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். அதிகாலை நான்கு மணிக்குப் பிறந்த பெண் குழந்தை. தகப்பனார் வயது இருபத்தொன்பது, தொழில் நெசவு. தாயாரின் பெயர், வீட்டின் தெரு, சாட்சிகள் இருவர். பக்கம் முழுக்கப் பிரெஞ்சு. கடைசியில் மட்டும், அறிவித்தவரின் கையெழுத்து இருக்கும் இடத்தில், கொஞ்சம் சாய்வாகத் தமிழில் அவள் அப்பாவின் பெயர்.

இவள் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கையெழுத்தின் மேல் ஒரு விரலை வைத்தாள். காலையில் இயந்திரத்தில் என் விரல் பட்ட பாடு எனக்கு நினைவு வந்தது.

அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு கதை உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்ததும், நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியதும் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டப்படி நாம் இந்தியரானது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ள, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனின் கையெழுத்தே முடிவு.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. திண்ணைகளில் வேறு பேச்சே கிடையாது. எங்கள் எதிர் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பிறகு பிரான்சுக்குப் போனார்கள். என் அப்பா கொடுக்கவில்லை. சொல்தாவாக இருந்த என் மனைவியின் பெரியப்பா கொடுத்தார், தம்பியையும் கொடுக்கச் சொன்னார். மாமனார் தாளை வாங்கிப் பெட்டியில் வைத்தாராம். 1963 பிப்ரவரியோடு தவணை முடிந்தது. தாள் பெட்டியிலேயே இருந்தது. அன்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் இவள் எங்கேயோ, நான் எங்கேயோ.

நான்கு நாளில் நகல் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு எழுத்திலும் இருப்பவர் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரமும் வேண்டுமாம். இருக்கட்டும்.

வெளியே வந்தால் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. உதைத்து உதைத்து என் கால் ஓய்ந்தது. கெப்பி போட்ட காவலர் ஒருவர் வந்து ஒரே உதையில் கிளப்பிக் கொடுத்தார். மணி ஐந்தரை. ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். “அந்தப் பக்கமாப் போங்களேன்” என்றாள். போனோம்.

மேரி கட்டடத்துக்கு எதிரே நிறுத்தச் சொன்னாள். பழைய மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. 2021இல் அதே தோற்றத்தில் மறுபடி எழுப்பி நிறுத்தினார்கள். “கட்டடம் விழுந்துடுச்சு, எங்கப்பா கையெழுத்து விழலை பாருங்க” என்றாள். பிறகு, “வயசு இருபத்தொம்பதுன்னு போட்டிருந்துச்சே, நம்ம பேரனைவிடச் சின்னவரா இருந்திருக்கார்” என்றாள். வீடு வரும் வரை வேறு எதுவும் பேசவில்லை.

நம்மூரில் 1954க்கு முன் பிறந்த நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பதிவு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ‘ஜ’ என்றால் ‘டி’யில் தேடச் சொல்லுங்கள். நகலை இப்போதே வாங்கி வையுங்கள். அதற்குள்ளே பிரெஞ்சைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். உயிரோடு இருப்பதற்குச் சான்றும் இருக்கிறது.