பிறவி மினமாட்டா நோய்

பிறவி மினமாட்டா நோய் என்பது, கருவுற்ற தாய் உண்ட மீனில் இருந்த மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடி வழியே கருவை அடைந்து, உருவாகிவரும் மூளையைச் சிதைப்பதால் வரும் நரம்பு நோய். ஜப்பானின் கியூஷு தீவிலுள்ள மினமாட்டா கடற்கரையில் 1950-களில் பிறந்த குழந்தைகளிடம் முதன்முதலில் இது அறியப்பட்டது. தாயை நோயில் தள்ளாத அளவு நஞ்சுகூட வயிற்றுப்பிள்ளையை வாழ்நாள் முழுதும் முடக்கிவிடும் என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர்கள் இந்தக் குழந்தைகளே.

பின்னணி

மினமாட்டாவின் சிஸ்ஸோ வேதித் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. வினையூக்கியாகப் பாதரச சல்பேட் பயன்பட்டது. அதில் ஒரு பகுதி தயாரிப்பின்போதே மெத்தில் பாதரசமாக மாறி, கழிவுநீரோடு கடலில் கலந்தது. சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன நஞ்சின் செறிவும் ஏறியது. அன்றாடம் மீன் உண்ட மீனவக் குடும்பங்களே முதலில் பலியாயின. அவர்கள் வீட்டுப் பூனைகளும் வலிப்பு கண்டு செத்தன.

காரணம் தெரியாத மூளைநோய் பரவுகிறது என்று தொழிற்சாலை மருத்துவமனையின் தலைவர் ஹொசொகாவா ஹஜிமே 1956 மே 1 அன்று சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாக வெளிப்பட்ட நாள் அது. கழிவுநீர் கலந்த உணவைத் தின்ற பூனைக்கு அதே நோய் வந்ததை 1959-இல் அவர் கண்டார். நிறுவனம் அந்த முடிவை வெளியிடவில்லை. ஜப்பான் அரசு தொழிற்சாலைக் கழிவே காரணம் என்று ஏற்றது 1968 செப்டம்பரில்தான். அதற்குள் அசிட்டால்டிஹைடு தயாரிப்பே நின்றுவிட்டிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கருவுற்ற தாய்மாரும் அந்தக் கடலின் மீனையே உண்டனர்.

கண்டறிதல்

அதே ஊர்களில் பிறந்த பல குழந்தைகளுக்கு மாதங்கள் கடந்தும் தலை நிற்கவில்லை. கைகால்கள் விறைத்தன, வாயில் எச்சில் வடிந்தது, பேச்சு வரவில்லை. மருத்துவர்கள் இதை மூளை முடக்குவாதம் என்றனர். தாயின் உடலிலுள்ள நச்சைக் கருவிடம் போகாமல் நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்பதே அன்றைய மருத்துவப் பாடம்.

குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவர் ஹராடா மசாசுமி 1961-இல் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே அறிகுறிகள். மூத்தவனுக்கு மினமாட்டா நோய் என்றும், மீனே தின்னாத இளையவனுக்கு வேறு நோய் என்றும் முடிவு செய்யப்பட்டிருந்தது. தாய் அதை ஏற்கவில்லை. மீனைத் தின்றவள் தான் என்றும், தன் உடம்பில் சேர்ந்த நஞ்சுதான் வயிற்றிலிருந்த பிள்ளைக்குப் போயிற்று என்றும் சொன்னார். ஹராடா அந்தத் தாயின் சொல்லைப் புறந்தள்ளாமல் அதன் வழியே ஆய்வைத் தொடர்ந்தார். இறந்த குழந்தைகளின் மூளையை ஆராய்ந்ததில் உண்மை உறுதியாயிற்று. 1962 நவம்பரில் 16 குழந்தைகளுக்குப் பிறவி மினமாட்டா நோய் என்று ஏற்கப்பட்டது.

தொப்புள்கொடிச் சான்று

குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கம். அந்தக் கொடிகளை வீடுவீடாகத் திரட்டி ஆராய்ந்து, அவற்றில் மெத்தில் பாதரசம் இருந்ததை ஆய்வாளர் நிஷிகாகியும் ஹராடாவும் 1975-இல் வெளியிட்டனர். பிள்ளை கருவில் இருந்த காலத்தில் எவ்வளவு நஞ்சு சென்றது என்பதற்கு ஆண்டுகள் கழித்தும் சான்று கிடைத்தது.

நஞ்சு செயல்படும் விதம்

சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துடன் இணையும் மெத்தில் பாதரசம், மெத்தியோனின் என்ற சத்தைப் போன்ற வடிவம் பெறுகிறது. மெத்தியோனினைக் கடத்தும் புரதங்களே அதையும் நஞ்சுக்கொடியைக் கடந்து, மூளைக்குள் கொண்டு சேர்க்கின்றன. குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரச அளவு தாயின் இரத்தத்தைவிடச் சராசரியாக 1.7 மடங்கு இருக்கும்.

வளர்ந்தவர் மூளையில் பார்வைப் பகுதி, சிறுமூளை போன்ற சில இடங்களே அதிகம் சிதைகின்றன. கருவின் மூளையில் நரம்பணுக்கள் அப்போதுதான் பெருகி, தத்தம் இடத்துக்கு நகர்கின்றன. பாதரசம் இவ்விரண்டையும் குலைப்பதால் பாதிப்பு மூளை முழுதும் பரவுகிறது.

பிற்கால ஆய்வுகள்

ஈராக்கில் 1971–72-இல் பாதரசப் பூஞ்சைக்கொல்லி பூசிய விதைக் கோதுமையை மக்கள் ரொட்டி சுட்டு உண்டனர். 6,530 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அவர்களில் 459 பேர் இறந்தனர். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அந்த ரொட்டியை உண்ட தாய்மாரின் கூந்தலைத் துண்டு துண்டாகச் சோதித்து, கருவுற்ற எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணித்தனர்.

திமிங்கல இறைச்சி உண்ணும் பாரோ தீவுகளில் 1986–87-இல் பிறந்த 1,022 குழந்தைகளை பிலிப் கிரான்ஜான், பால் வெய்ஹே குழுவினர் பின்தொடர்ந்தனர். பார்வைக்கு நலமாக இருந்த அந்தப் பிள்ளைகளிடமும் ஏழு வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் குறைவு பாதரச அளவோடு சேர்ந்து வந்தது. கடல்மீன் மிகுதியாக உண்ணும் செஷல்ஸ் தீவுகளில் அத்தகைய தெளிவான பாதிப்பு தென்படவில்லை. மீனிலுள்ள சத்துகள் தீங்கை ஓரளவு ஈடுகட்டுகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

தடுப்பு

பிறந்தபின் இப்பாதிப்பை நீக்க மருந்து இல்லை. ஆகவே நஞ்சைத் தாயிடம் சேரவிடாமல் தடுப்பதே வழி. கருவுற்றோர் சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களைத் தவிர்த்து, மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை உண்ணலாம் என்பது பரவலான மருத்துவ அறிவுரை. பாதரசப் பயன்பாட்டையும் கழிவையும் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. 2018-இல் இந்தியாவும் அதில் இணைந்தது. வளர்ந்த மனிதரை வைத்து வகுக்கும் பாதுகாப்பு வரம்பு கருவிலுள்ள பிள்ளையைக் காக்காது என்பதே மினமாட்டா தந்த பாடம். நச்சு உலோகம் எதற்கு வரம்பு வகுத்தாலும் கணக்கு அந்தப் பிள்ளையிடமிருந்தே தொடங்க வேண்டும்.