வால் போன பெயர்கள்

1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தென்தமிழ்நாட்டின் ஒரு சமூகத்துக்குப் பெரிய வெற்றி கிடைத்தது. அவர்கள் இழிவாகக் கருதிய பழைய பெயரை விட்டுவிட்டு, அரசுப் பதிவேடுகளில் இனி 'நாடார்' என்றே எழுதச் சென்னை மாகாண அரசு ஒப்புக்கொண்டது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பல தலைமுறைப் போராட்டம் இருந்தது. கோயில் நுழைவுக்கான வழக்குகள், 1899இல் சிவகாசிக் கலவரம், 1910இல் தொடங்கப்பட்ட நாடார் மகாஜன சங்கம், ஓயாத மனுக்கள்.

எட்டே ஆண்டுகள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. சாதியைக் காட்டும் பட்டங்களைப் பெயரோடு ஒட்டிக்கொள்வதைக் கைவிட வேண்டும் என்பது அங்கே நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்று. மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், நாடார் சமூகத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். முந்தைய தலைமுறை ரத்தம் சிந்தி வாங்கிய பட்டத்தை அவர் தன் பெயரிலிருந்து கழற்றிவிட்டார். ஈ.வெ. ராமசாமி அதற்கு முன்பே, 1927 இறுதியில், தம் 'குடி அரசு' இதழில் தம் பெயருக்குப் பின்னால் இருந்த 'நாயக்கர்' என்பதை நீக்கியிருந்தார். எதிராளிகள் மட்டும் அதை விடவில்லை. அவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும், அவரைச் சீண்ட நினைப்பவர்கள் முதலில் எடுப்பது 'ராமசாமி நாயக்கர்' என்ற முழுப் பெயரைத்தான்.

இன்றைக்கு இது சாதாரண நாகரிகமாகத் தெரிகிறது. அன்று இது மரியாதைக் குறைவு. பெரிய மனிதரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமே ஊரில் கிடையாது. 'வாங்க முதலியாரே', 'என்ன செட்டியாரே', 'பிள்ளைவாள் சௌக்கியமா' என்று பட்டத்தைச் சொல்வதுதான் மரியாதை. பட்டத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? சுயமரியாதைக்காரர்களுக்கு இது நடைமுறைச் சிக்கலாகவே இருந்தது. 1932இல் ஐரோப்பாவையும் சோவியத் நாட்டையும் சுற்றிவிட்டுத் திரும்பிய ஈ.வெ.ரா., எல்லோரையும் 'தோழர்' என்று அழைக்கச் சொன்னார். 1938இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாடு அவருக்கே 'பெரியார்' என்று பெயர் சூட்டியது. அண்ணா, கலைஞர், நாவலர் என்று பின்னால் வந்த பட்டங்களின் அணிவகுப்பைத் தமிழர்களின் புகழ்ச்சிப் பழக்கம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. சாதிப் பட்டம் காலி செய்துவிட்டுப் போன நாற்காலியில்தான் இவை வந்து உட்கார்ந்தன என்பது மீதிப் பாதி.

ஆனால் துறப்பதற்கு ஒரு பட்டம் முதலில் இருக்க வேண்டும். முதலியார் முதலியாரை விடலாம், ஐயங்கார் ஐயங்காரை விடலாம். எண்பது வயதுக் கிழவரையும் பண்ணையாரின் சிறு பிள்ளை பெயர் சொல்லி, 'டா' போட்டுக் கூப்பிட்ட சேரியில் எதை விடுவது? அவர்களுக்கு வேறு திசையில் வேலை இருந்தது. 1881 கணக்கெடுப்பின்போதே தம் மக்களைப் பூர்வத் தமிழர் என்று பதிய வேண்டும் என்று அயோத்திதாசர் வற்புறுத்தினார். சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா முன்னின்று நடத்திய முயற்சியால், 1922இல் அரசு ஆவணங்களில் 'ஆதி திராவிடர்' என்ற பெயர் வந்தது. ஆக, ஒரே பத்தாண்டில் தமிழ்நாட்டின் ஒரு பக்கம் பெயரைக் கழற்றிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் கௌரவமான ஒரு பெயரைக் கேட்டு அரசு வாசலில் நின்றுகொண்டிருந்தது. சாதிப் பெயரை நீக்கியதன் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கலகம் எப்போது நாகரிகமாக மாறியது என்று தேதி குறிக்க முடியாது. ஐம்பதுகளின் செய்தித்தாள்கள் முதலமைச்சரைக் 'காமராஜ நாடார்' என்று கூச்சமில்லாமல் எழுதின. 'ம.பொ. சிவஞான கிராமணியார்' என்ற பெயரும் அச்சில் புழங்கியது. எழுபதுகளுக்கு வரும்போது இரண்டும் பழைய வாடை அடிக்கத் தொடங்கிவிட்டன. அரசியல் மேடையிலும் அலுவலகத்திலும் சினிமா டைட்டிலிலும் வால் இல்லாத பெயரே இயல்பு என்றானது. முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, பின்னால் தன் பெயர், அவ்வளவுதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தைப் பார்த்து விழிக்கும் தமிழன், தன்னை அறியாமல் 1929இன் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறான்.

இதன் பயனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வருகைப் பதிவேட்டைப் படிக்கும் ஆசிரியரும், நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஆளின் சாதியை முடிவு செய்ய முடியாது. மிஸ்ரா, யாதவ், வால்மீகி என்று பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும் வட மாநிலங்களிலிருந்து வருபவர்களுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவருக்கு வழியா இல்லை? 'எந்த ஊரு?' என்பதில் பேச்சு தொடங்கும். 'அங்க எந்தத் தெரு?' அடுத்தது. 'குலசாமி எது?', 'அந்த ஊர்ல இன்னாரைத் தெரியுமா?' என்று வளைத்து வளைத்துப் போய், கடைசியில் 'அப்ப நம்மாளுங்கதான்' என்று முகம் மலரும். மலராமல் சட்டென்று பேச்சை மாற்றுவதும் உண்டு. எந்த இடத்திலும் சாதி என்ற சொல் வாயில் வந்திருக்காது. கேட்டவர் மனதாரச் சொல்வார், 'நான் சாதியெல்லாம் பாக்கறதில்லீங்க.'

'எந்தத் தெரு?' என்ற கேள்விக்குச் சென்னையில் முந்நூறு வருட வரலாறு இருக்கிறது. 1707இல் கறுப்பர் நகரத்தில் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் கல்யாண ஊர்வலம் போகும் தெருவைப் பற்றிச் சண்டை மூண்டது. கவர்னர் தாமஸ் பிட் கண்ட தீர்வு, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று ஊரையே பங்கு பிரிப்பது. எழுபதுகளின் இறுதியில் எம்.ஜி.ஆர். அரசு தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க உத்தரவிட்டபோது, அந்தப் பழைய பகுதியில்தான் அதன் வேடிக்கை அதிகம். தம்பு செட்டித் தெருவின் பலகை தம்பு தெருவானது. லிங்கிச் செட்டித் தெரு லிங்கி தெருவானது. பலகையில் மட்டும். காளிகாம்பாள் கோயிலுக்கு வழி கேட்டால் இன்றும் தம்பு செட்டித் தெரு என்றுதான் பதில் வரும். தியாகராயச் செட்டியார் பெயரிலும் நடேச முதலியார் பெயரிலும் எழுந்த நகரும் பூங்காவும் எந்தச் சிரமமும் இல்லாமல் தியாகராய நகர், நடேசன் பூங்கா என்று வழங்குகின்றன. மக்கள் வாயில் தானே உதிர்ந்த வாலுக்கும் உத்தரவு வெட்டிய வாலுக்கும் இதுதான் வித்தியாசம்.

இந்த நாகரிகத்தின் உண்மையான சோதனை 1997இல் வந்தது. அதற்கு முன் அரசுப் பேருந்துக் கழகங்கள் எல்லாம் பெயர் சூட்டிக்கொண்டு ஓடின. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், மதுரையில் பாண்டியன், நெல்லையில் கட்டபொம்மன், காரைக்குடியில் மருதுபாண்டியர். மாவட்டங்களுக்கும் தலைவர்களின் பெயர்கள்: பெரியார், அண்ணா, காமராசர், சிதம்பரனார், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். இவற்றால் பேருந்து எங்கும் நின்றுவிடவில்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிதாக ஒரு கழகம் அமைத்த மு. கருணாநிதி அரசு, அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தது. கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தில் பிறந்தவர். கட்டபொம்மன் பெயர் தாங்கிய பேருந்தில் இத்தனை காலம் போய்வந்தவர்களில் ஒரு பகுதியினர், அவருடைய தளபதியின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. உயிர்கள் போயின.

அரசு என்ன செய்தது? அந்த ஜூலையில் எல்லாக் கழகங்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்களும் போய், ஈரோடு, திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி, சிவகங்கை என்று ஊர்ப் பெயர்களே நின்றன. யார் பெயரும் வேண்டாம், யாருக்கும் வருத்தம் வேண்டாம். கலவரத்தை அடக்க வேண்டிய நெருக்கடியில் அது கெட்டிக்காரத்தனமான முடிவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பிரச்சினை பெயர்கள் என்பதல்ல. ஒரு பெயர்தான் பிரச்சினை. அந்த ஒன்றை ஏற்க மறுத்தவர்களின் பெயரைச் சொல்லாமல் தவிர்க்க, எல்லாப் பெயர்களும் பலியாயின. அதே ஆண்டு ஜூன் 30 அன்று, மதுரை மாவட்டம் மேலவளவில், தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வந்துகொண்டிருந்ததும் ஒரு பேருந்தில்தான்.

பெரியவர்கள் பெயரை மறைத்துக்கொண்ட ஊரில் பிள்ளைகள் வேறு அடையாளம் கண்டுபிடித்தார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் மாணவர்கள் மணிக்கட்டில் நிறக் கயிறு கட்டிவருவது நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு நிறச் சேர்க்கைக்கும் ஒரு சாதி. பெயரைப் பார்த்துச் சாதி தெரியாத தலைமுறைக்குக் கயிறு தேவைப்பட்டது. 2019இல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியபோது எதிர்ப்புக் கிளம்பியது. துறை அமைச்சரே பின்வாங்கிப் பேசினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை, உடன் படிப்பவர்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகுதான் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைந்தது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கை கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று கூச்சமில்லாமல் பட்டியலிட்டது. பள்ளிகளின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதியையும் எடுக்கச் சொன்னது. அறிக்கையின் பலமே, எல்லோரும் கண்டும் காணாமல் இருந்ததைப் பெயர் சொல்லி எழுதியதுதான். அரசு ஆவணங்களில் இப்படிப் பச்சையாகப் பேசுவது அபூர்வம்.

பாடநூலில் நடந்தது வேறு. 2021இல் உ.வே. சாமிநாதையரைப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் 'உ.வே. சாமிநாதர்' ஆக்கியது. ஒருவர் தன் பட்டத்தைத் துறப்பது ஒன்று, இறந்துபோனவரின் பட்டத்தை மற்றவர்கள் வெட்டுவது வேறொன்று. எங்கே தங்குவது, யார் கையால் சாப்பிடுவது என்பதையெல்லாம் சாதி முடிவு செய்த காலத்தில், ஓர் ஐயர் வீட்டுப் பையன் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து தமிழ் படித்தான். வாலை வெட்டினால் அந்த உறவில் இருந்த அதிசயமும் சேர்ந்து வெட்டுப்படுகிறது.

பேச்சில் மறைப்பதும் காகிதத்தில் கேட்பதுமாக இரண்டு தண்டவாளங்களில் தமிழ்நாடு ஓடுகிறது. இங்கே இடஒதுக்கீடு 69 விழுக்காடு. வருவாய்த் துறை தரும் சாதிச் சான்றிதழ் இல்லாமல் அதில் எந்த இடமும் கிடைக்காது. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் 'சாதி, மதம் அற்றவர்' என்று சான்றிதழ் வாங்கியது நாடு முழுக்கச் செய்தியானது. அந்தத் துணிச்சல் பாராட்டத் தக்கது. ஆனால் கல்லூரி இடத்துக்குச் சாதிச் சான்றிதழை நம்பியிருக்கும் முதல் தலைமுறை மாணவிக்கு, சாதியைச் சொல்லாமல் இருப்பது கட்டுப்படியாகாத ஆடம்பரம்.

சாதிக் கணக்கோ, அதுவும் பழையது. எல்லாச் சாதிகளையும் எண்ணி முழுதாக வெளியிட்டது கடைசியாக 1931இல். சுதந்திர இந்தியா 1951இலிருந்து பட்டியல் சாதிகளையும் பழங்குடிகளையும் மட்டுமே எண்ணியது. 2011இல் எடுத்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் சாதி விவரம் வெளிவரவே இல்லை. வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த தமிழகச் சட்டம் 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் விழுந்ததற்கு ஒரு காரணம், தற்காலத்துக்குப் பொருந்தும் தரவு இல்லாதது.

2025 இந்த இரட்டை ஓட்டத்தின் உச்சம். ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். மறுநாள், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு முடிவெடுத்தது. ஜூலையில் ஆதி திராவிடர் நல விடுதிகள் உள்ளிட்ட மாணவர் விடுதிகள் 'சமூக நீதி விடுதிகள்' ஆயின. அக்டோபர் முதல் வாரத்தில் தெரு, சாலைப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க அரசாணை. அதே மாதம் 9ஆம் தேதி கோவை அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. பெயர் 'ஜி.டி. நாயுடு மேம்பாலம்'. அந்த விஞ்ஞானியை ஊர் அறிந்ததே அப்படித்தான் என்று விளக்கம் வந்தது. சரிதான், 'ஜி.டி. மேம்பாலம்' என்றால் யாருக்குப் புரியும்? தம்பு செட்டியை ஊர் எப்படி அறிந்திருந்தது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

'காலனி' போன இடத்தில் வேறு சொல் வரும். ஊருக்கும் அந்தக் குடியிருப்புக்கும் நடுவே கிடக்கும் வயலும் வாய்க்காலும் அப்படியே இருக்கும்; தபால்காரருக்கும் கல்யாணத் தரகருக்கும் வழி தெரியும். 2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர் வந்து கதவைத் தட்டுவார். ஊர், தெரு, குலசாமி என்று வளைக்காமல் நேராகவே கேட்பார்.