நந்தன் சரித்திரம் பெற்ற இரு தீர்ப்புகள்

காரைக்கால் என்றவுடன் அம்மையாரின் நினைவு எழுவது இயல்பு. ஆனால் இவ்வூருக்கு மற்றோர் அடியாரின் வரலாற்றோடும் தொடர்பு உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியபோது, அதற்கு ஆதரவளித்தவர் அந்நாளில் காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த சீசே என்பவர். தமிழ்ப் புலவர்கள் தயங்கி நின்ற ஒரு நூலுக்கு அயல்நாட்டார் ஒருவர் துணை நின்றார் என்பது சிந்திக்கத்தக்கது.

பாரதியார் நாகைக்கு அண்மையிலுள்ள நரிமணத்தில் பிறந்தவர். மாயூரத்தில் கோவிந்த யதியிடம் வேதாந்தம் பயின்றவர். இசையில் ஆழ்ந்த புலமை உடையவர். அவர் நினைத்திருந்தால் கற்றோர் மட்டுமே சுவைக்கும் கீர்த்தனைகளோடு நின்றிருக்கலாம். நந்தனார் சரித்திரத்திலோ அவர் ராகங்களோடு நொண்டிச் சிந்தையும் ஆனந்தக் களிப்பையும் பேச்சுவழக்கையும் தாராளமாகக் கலந்தார். ஊர் ஊராகக் கதாகாலட்சேபம் நிகழ்ந்தது; மக்கள் திரளாகக் கூடிக் கண்ணீர் உகுத்தனர்.

புலவர்களின் தீர்ப்பு வேறாக இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் சிறப்புப்பாயிரம் வேண்டினார். பிள்ளையவர்கள் உடனே இசையவில்லை. பாட்டுக்களில் இலக்கண வழுக்கள் இருந்தன. கதையும் சேக்கிழார் சொன்னபடி இல்லை. பெரிய புராணத்தில் நந்தனாரை அடக்கி ஆளும் வேதியர் எவரும் இல்லை. நாற்பது வேலி நிலத்தையும் அறுவடை செய்த பின்னரே தில்லைக்குப் போகலாம் என்று கட்டளையிடும் அந்த ஆண்டை பாரதியாரின் படைப்பு. பின்னர் ஒரு நாள் பாரதியார் பாடக் கேட்டு, உள்ளம் உருகிப் பிள்ளையவர்கள் பாயிரம் அளித்தார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார்.

இந்நிகழ்ச்சியைப் புலமையின் தோல்வி என்று நான் கருதவில்லை. பிள்ளையவர்கள் கண்ட வழுக்கள் வழுக்களே. பாயிரம் பெற்றதனால் அவை மறைந்துவிடவில்லை. ஏட்டில் கண்ட நூலுக்கு ஓர் அளவுகோலும், செவியில் விழுந்த பாட்டுக்கு மற்றோர் அளவுகோலும் உண்டு என்பதையே அவர் உணர்ந்தார்.

பொதுமக்களின் தீர்ப்பு நெடுநாள் நிலைத்தது. சுப்பிரமணிய பாரதியார் தம் தேசியப் பாடல்கள் சிலவற்றுக்கு இந்நூலின் மெட்டுக்களையே எடுத்துக்கொண்டார். 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராகத் தோன்றினர்.

ஆயினும் மக்களின் பாராட்டையும் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும். நந்தன் கோயிலுக்கு வெளியே நின்று ஏங்குவதைக் கேட்டு அழுதவர்கள், தம் ஊர்க் கோயில் வாயிலில் அவ்வாறே நின்றவர்களை நோக்கினார்களா? சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டத்தின் துணை கிட்டியது 1939-இல்தான். நூல் அச்சேறி அதற்குள் முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த ஆண்டையைப் படைத்ததன் மூலம் பாரதியார் சேக்கிழாரை மீறினார் என்பது உண்மை. ஆனால் தம் காலத்துத் தஞ்சைச் சீமையின் வயல்களில் நிலவிய உண்மையை அவர் மறைக்கவில்லை. புலவர்கள் குற்றமெனக் கண்ட அந்தப் பகுதியே நூலின் உயிர் என்பது என் கருத்து. அதைக் கேட்டு உருகியதோடு நின்றுவிட்டது கேட்டவர்களின் குறையேயன்றிப் பாடியவரின் குறையன்று.