துறந்ததும் காத்ததும்: புதுவை தரும் பாடம்

மரக்காணத்து உப்பளங்களினின்று தெற்கே வானூர் வட்டத்தைக் கடந்து செல்வோமாயின் புதுச்சேரியின் எல்லையை அடைகிறோம். 1954ஆம் ஆண்டுவரை இவ்வெல்லைக்கு அப்பால் பிரெஞ்சு ஆட்சி நிலவியது. அந்நிய ஆட்சியின்கீழ் மரபைக் காப்பது எவ்வளவு சிக்கலான பணி என்பதை அந்நகரின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

1819 ஜனவரி 6ஆம் நாள் பிறந்த ஆணை, பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை அங்கு நடைமுறைப்படுத்தியது. ஆயினும் இந்துக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர் ஆகிய இந்தியர் யாவரும் தத்தம் சாதி வழக்கப்படியே தீர்ப்புப் பெறுவர் என்றும் அது உறுதி கூறிற்று. இது மரபுக்குக் கிடைத்த பாதுகாப்பே. ஆனால் அவ்வழக்கங்களுள் உயர்வு தாழ்வும் அடங்கியிருந்தமையால், ஒடுக்கப்பட்டோருக்கு அப்பாதுகாப்பே தளையாயிற்று.

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியரைப்போல் காலணி அணிந்து நீதிமன்றத்தில் தோன்றினார். அது உள்ளூர் வழக்கத்திற்கு முரண் எனத் தடுக்கப்பட்டது. பாரிஸ் உச்ச நீதிமன்றம்வரை வழக்கைக் கொண்டுசென்று அவர் வெற்றி பெற்றார். இந்திய வழக்கத்தின் பெயரால் ஓர் இந்தியரைத் தடுத்தது அந்நியரின் நீதிமன்றமே என்பது கவனிக்கத்தக்கது.

1881 செப்டம்பர் 21ஆம் நாளின் ஆணை, விரும்பிய இந்தியர் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. ஏற்றோர் ஒரு குடும்பப் பெயரையும் சூடிக்கொள்ள வேண்டும். துறந்ததை மீளப் பெற இயலாது. பொன்னுத்தம்பியார் 'வாயில்' எனப் பொருள்படும் லபோர்த் என்னும் பெயரை ஏற்றார். ஒடுக்கப்பட்டோரும் கிறிஸ்தவரும் பலர் அவ்வாயில் வழியே சென்றனர். சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் மற்றொரு சாரார் மரபின் பெயரால் இதனை எதிர்த்தனர். சமத்துவம் நாடிச் சென்றோர்க்கும் அது முழுமையாகக் கிட்டவில்லை. 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது, ஐரோப்பியர் ஒன்றிலும் துறந்தோர் வேறொன்றிலும் ஏனைய இந்தியர் மூன்றாவதிலும் இடம்பெற்றனர். சட்டத்தால் பிரெஞ்சுக்காரராகியும் அவர்கள் தனியே நிறுத்தப்பட்டனர்.

இவ்விரு சாராருள் எவரையும் எளிதில் பழித்தல் தகாது. முன்னோரின் வழக்கத்தைக் காத்தவரிடம் சுயமரியாதை இருந்தது. அதனைத் துறந்தவரிடமும் அதுவே இருந்தது. பெயர் மாறிய பல இல்லங்களில் தமிழே தொடர்ந்து பேசப்பட்டது. ஆகவே மரபு அழிகிறதே என வருந்துமுன், அது யாரைத் தாங்கிற்று, யாரை அழுத்திற்று என்று வினவக் கடமைப்பட்டுள்ளோம். மொழியும் உறவும் கலையும் காக்கத்தக்கவை. மனிதனைத் தாழ்த்தும் வழக்கமோ எத்துணைத் தொன்மை உடையதாயினும் காக்கத்தக்கதன்று. இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுப்பை ஆள்வோரிடம் ஒப்படைத்துவிடாமல் நாமே ஏற்றல் வேண்டும்.