மணிமங்கலத்தில் விழுந்தது யார்?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிற சாலையில் மாலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். ஷிப்ட் முடிந்தவர்கள் ஒரு பக்கம், ஷிப்டுக்குப் போகிறவர்கள் மறு பக்கம். ஜன்னலோரத்தில் தூங்கி வழிகிற தலைகள், கழுத்தில் அடையாள அட்டை, காதில் இயர்போன். இந்தச் சாலையில் ஓர் ஊர் வரும். மணிமங்கலம். ஏரி, டீக்கடை, 'வீட்டு மனைகள் விற்பனைக்கு' போர்டு. கண் இமைப்பதற்குள் கடந்துவிடும்.

ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிற என் நண்பரின் மகன், ஒரு ராத்திரி எனக்குப் போன் செய்தான். பஸ்ஸில் போக வர 'சிவகாமியின் சபதம்' ஆடியோவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். குரலில் அப்படியொரு பரபரப்பு. "அங்கிள், மகேந்திர பல்லவர் அடிபட்டு விழுந்தாரே மணிமங்கலம், அது எங்க பஸ் போற மணிமங்கலமா?"

"அதேதாண்டா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்: "நிஜமாவே இங்கதான் விழுந்தாரா?"

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உங்களையும் துணைக்கு இழுக்கிறேன்.

முதலில் கதை. கல்கி தன் பத்திரிகையில் இந்த நாவலைத் தொடராக எழுதியது 1944 முதல் 1946 வரை. மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்த ஓர் இரவில் பிறந்த கற்பனை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் எழுதிய காலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போர். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னை நகரமே பெட்டி படுக்கையோடு காலி செய்துகொண்டு ஓடியது. 1943 அக்டோபரில் நிஜமாகவே ஒரு ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. அதற்கு அடுத்த வருஷம் வாரா வாரம் 'காஞ்சி முற்றுகை' படித்த வாசகனுக்கு, கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு எதிரிக்காகக் காத்திருப்பது ஏழாம் நூற்றாண்டு சமாசாரமாகவா தோன்றியிருக்கும்? போன வருஷத்து அனுபவம் சார் அது!

கதையில் வாதாபிச் சக்கரவர்த்தி இரண்டாம் புலிகேசி காஞ்சியை முற்றுகையிடுகிறார். பிறகு, ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி சளுக்கரிடம் சிக்குகிறாள். சிறு படையோடு துரத்திப் போகும் மகேந்திரவர்மர் மணிமங்கலத்தில் படுகாயப்படுகிறார். மகன் மாமல்லன் வந்து சேர்ந்ததால் பல்லவ மானம் தப்புகிறது. பின்னால் வருகிற வாதாபிப் படையெடுப்புக்கு வித்து விழுகிற இடம் இந்தச் சண்டை.

இப்போது ஆதாரத்துக்கு வருவோம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஒரு கிராமம். அங்கே கிடைத்த செப்பேடுகள், மாமல்லனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்டவை. ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து, 1890-ல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் முதல் நூலில் அச்சேற்றினார். தாத்தாவின் பெருமையைப் பேசும்போது அந்தச் செப்பேடு சொல்கிற சங்கதி இதுதான்: பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய போர்களில் புலிகேசி முதுகைக் காட்டினான், அந்த முதுகையே ஏடாக வைத்து நரசிம்மவர்மன் 'விஜயம்' என்ற எழுத்துக்களை எழுதினான்.

என்ன ஒரு குசும்பு பாருங்கள். தோற்று ஓடுகிறவனின் முதுகு ஒரு சிலேட்டுப் பலகை!

நம் விஷயத்துக்கு வேண்டியது இதில் இரண்டு. ஒன்று, மணிமங்கலத்தில் ஜெயித்தவன் நரசிம்மவர்மன். இரண்டு, அங்கே மகேந்திரன் பேச்சே இல்லை. புலிகேசி பல்லவ நாட்டின் மேல் படையெடுத்தது இரண்டு தடவை. முதல் தடவை மகேந்திரன் காலத்தில். அடுத்தது, மகேந்திரன் மறைந்து மகன் பட்டத்துக்கு வந்த பிறகு. மணிமங்கலம் இரண்டாவது தடவை நடந்த சண்டை என்பதுதான் வரலாற்றாசிரியர்களின் பொதுவான கணக்கு. கல்கி இரண்டு படையெடுப்பையும் ஒரே முற்றுகைக்குள் மடித்துவிட்டார். மகன் கணக்கில் வரவு வைக்க வேண்டியதை அப்பா பேரேட்டில் எழுதிவிட்டார். பி.காம். படித்தவன் நான், கண்ணில் பட்டால் சொல்லாமல் இருக்க முடியாது.

முதல் படையெடுப்பில் என்ன ஆயிற்று என்பதற்கும் இரண்டு ரசீதுகள் இருக்கின்றன; இரண்டும் ஒத்துப்போகவில்லை. கர்நாடகத்தில் ஐஹொளே என்ற ஊரில் ரவிகீர்த்தி என்ற சமணப் புலவர் கி.பி. 634-35ல் வெட்டுவித்த கல்வெட்டு, புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்துபோனான் என்கிறது. காசக்குடிச் செப்பேடோ, மகேந்திரன் புள்ளலூரில் தன் முக்கிய எதிரிகளை அழித்தான் என்கிறது. எந்த எதிரிகள்? பெயர் கிடையாது! ஜெயித்தவன் எதிரியின் பெயரை ஏன் விட்டான் என்று யோசித்தால் சிரிப்பு வரும்.

வாதாபி வெற்றி சந்தேகத்துக்கு இடமில்லாதது. சுமார் கி.பி. 642. இன்றைய பாதாமியில் ஒரு பாறையிலேயே நரசிம்மவர்மனின் பெயரும் 13-ஆம் ஆட்சியாண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. எதிரியின் வீட்டுச் சுவரில் கையெழுத்துப் போட்ட மாதிரி. படையை நடத்திய பரஞ்சோதியும் கற்பனை இல்லை. பின்னாளில் சிறுத்தொண்ட நாயனாராக பெரியபுராணத்தில் வருகிறவர். ஆனால் அவர் வாதாபியிலிருந்து கணபதியைக் கொண்டுவந்தார் என்று கச்சேரி மேடை வரைக்கும் பேசுகிறோமே, சேக்கிழார் சொல்கிற போர்ப் பொருள் பட்டியலில் மணிகளும் யானையும் குதிரையும் உண்டு. பிள்ளையார் இல்லை.

சிவகாமி? முழுக்க முழுக்க கல்கி. ஆயனர், நாகநந்தி எல்லோரும் அப்படியே.

இதை நண்பர் மகனிடம் சொன்னபோது பையன் முகம் தொங்கிப்போனது. "அப்ப எல்லாம் பொய்யா அங்கிள்?" என்றான். உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். நந்தினி என்று ஒருத்தி இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எனக்கு யாரோ சொன்னபோது, ரொம்ப நாள் கழித்து ஓர் இரங்கல் கடிதம் கிடைத்த மாதிரி இருந்தது. ஆதித்த கரிகாலன் கொலை நிஜம். ரவிதாசன் நிஜம், உடையார்குடிக் கல்வெட்டில் பெயரோடு இருக்கிறான். வந்தியத்தேவன் கூட நிஜம். தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவன். நமக்கு ராத்தூக்கத்தைக் கெடுத்த நந்தினிதான் இல்லை.

சரித்திர நாவல் வாசகர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தாளர் பேச்சை அவர்கள் கேட்கிறதே இல்லை! கல்கிக்குத் தன் படைப்புகளில் உயர்வாகத் தோன்றியது 'அலை ஓசை'. 1956-ல் அவர் மறைவுக்குப் பின் சாகித்ய அகாதமி விருது கிடைத்ததும் அதற்குத்தான். சரி, உங்கள் தெருவில் எத்தனை பேர் அலை ஓசை படித்திருக்கிறார்கள்? பொன்னியின் செல்வன் 1950-ல் தொடங்கி 1954-ல் முடிந்தபோது, 'அப்புறம் இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார்' என்று வாசகர்கள் துளைத்தெடுக்க, அதற்குப் பதில் சொல்லவே ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. கதாபாத்திரங்களைப் பக்கத்து வீட்டு மனுஷர்களாக நினைத்தவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்? அருள்மொழி, குந்தவை, வானதி, பூங்குழலி என்று பெண்டு பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் கல்வெட்டைப் படித்துவிட்டா வைத்தார்கள்?

சாண்டில்யன் வாசகர்கள் வேறு ரகம். குமுதத்தில் 'கடல் புறா' வந்த நாட்களில் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் யார் முதலில் பிரிப்பது என்று சண்டை நடக்கும் என்று என் அம்மா சொல்வார். கடற்போர் வர்ணனையை ரசித்தவர்கள் உண்டு, கதாநாயகி வர்ணனையை மட்டும் ரசித்தவர்களும் உண்டு. யார் எவர் என்று கேட்டு நான் வம்பில் மாட்டிக்கொள்ள மாட்டேன். இலக்கிய விமரிசகர்களுக்கு இந்த வகையறாவே ஆகாது. ராஜா ராணி கதை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. குடியானவனும் நெசவாளியும் இந்தக் கதைகளில் பெரும்பாலும் வழி சொல்லத்தான் வருகிறார்கள். ஆனால் மணிமங்கலம் என்ற பெயர் காதில் விழுந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஒரு பையனை நிமிர்ந்து உட்கார வைத்தது எந்த விமரிசகர்? எந்தப் பாடப்புத்தகம்?

நஷ்டக் கணக்கும் உண்டு. புலிகேசியை எடுத்துக்கொள்ளுங்கள். நர்மதைக் கரையில் ஹர்ஷரையே தடுத்து நிறுத்திய பேரரசன். கன்னடத்தில் 1967-ல் 'இம்மடி புலிகேசி' படத்தில் ராஜ்குமார் அவராக நடித்தார். அங்கே அவர் காவிய நாயகன். நமக்கு முதலில் கல்கியின் வில்லன். 2006-க்குப் பிறகு கேட்கவே வேண்டாம், புலிகேசி என்றாலே வடிவேலு மீசையோடு வந்து நிற்கிறார்! ஒரு பெங்களூர் நண்பரிடம் அந்த நகைச்சுவையைச் சொல்லிவிட்டு நான் மட்டும் தனியாகச் சிரித்தேன்.

சரி, நாவல்தான் கற்பனை, கல்வெட்டு சுத்தமான உண்மை என்று முடிவுகட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள். அதே மணிமங்கலத்துக்கே போவோம். அங்கே ராஜகோபாலப் பெருமாள் கோயில். சுவரெல்லாம் சோழர் எழுத்து. மாமல்லன் காலத்துக்கு நானூறு வருஷம் பிந்தியவை. அதில் வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று ஒரு சுவையான சம்பவத்தைச் சொல்கிறது. மேலைச் சாளுக்கிய மன்னன் ஆகவமல்ல சோமேசுவரன், 'கூடலுக்கு வா, சண்டை போடலாம்' என்று ஓலை அனுப்பினானாம். வீரராஜேந்திரன் மகிழ்ந்துபோய்ப் படையோடு சென்று, குறித்த நாளுக்கு மேலும் ஒரு மாசம் காத்திருந்தானாம். ஆள் வரவே இல்லை. கோபத்தில் ஊர்களைக் கொளுத்தி, துங்கபத்திரைக் கரையில் வெற்றித் தூண் நாட்டி, வராதவனைப் போல ஓர் உருவம் செய்து அதை அவமானப்படுத்தினானாம். உருவ பொம்மை விவகாரம் நம் கட்சிக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை என்று தெரிகிறதா?

படிக்கிற யாருக்கும் சோமேசுவரன் வடிகட்டின கோழை என்றுதான் தோன்றும். ஆனால் பில்ஹணர் என்ற காஷ்மீரத்துக் கவி, சாளுக்கிய அரண்மனைப் புலவர், வேறு செய்தி தருகிறார். சோமேசுவரனுக்குத் தீராத காய்ச்சல். துங்கபத்திரையில் இறங்கி உயிரை விட்டான். வருஷம் 1068. வீரராஜேந்திரன் காத்திருந்தது அதற்குச் சற்று முன்புதான். போருக்கு வராதவன் அப்போதே படுத்த படுக்கையாக இருந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் ஊகம். மணிமங்கலத்துக் கோயில் சுவர் அதைச் சொல்லாது. சோழனின் மெய்க்கீர்த்தியில் எதிரிக்கு ஜுரம் வர அனுமதி இல்லை. மெய்க்கீர்த்தி எழுதிய புலவனும் சம்பளத்துக்கு எழுதியவன்தானே. கல்கியாவது நாவல் என்று சொல்லிவிட்டு எழுதினார்.

இதைக் கேட்டதும் பையனுக்கு முகத்தில் பழைய களை வந்துவிட்டது. "அப்ப சாளுக்கியன் கடைசி வரைக்கும் தோத்துக்கிட்டே இருந்தானா அங்கிள்?" என்றான். எங்கே! வாதாபி விழுந்து பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்தில் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் அதை மீட்டுவிட்டான். காஞ்சிக்குள்ளும் நுழைந்து, உறையூர் வரை வந்து கூடாரம் அடித்தான். அவனை அடித்து விரட்டியதாகச் சொல்வதும் அதே கூரம் செப்பேடுதான். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் மறுபடி காஞ்சியைப் பிடித்தான். வாதாபிக்குப் பழி தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. கைலாசநாதர் கோயிலுக்குப் போனான். குவிந்திருந்த செல்வத்தைப் பார்த்தான். எடுக்கவில்லை. எல்லாம் சுவாமிக்கே என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தச் செய்தியைக் கன்னடத்தில் அங்கேயே ஒரு தூணில் வெட்டிவிட்டுப் போய்விட்டான். காஞ்சிபுரத்தில், பல்லவன் கட்டிய கோயிலில், எதிரியின் கன்னட எழுத்து இன்றைக்கும் இருக்கிறது.

வார விடுமுறையில் பையன் பைக்கை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய்விட்டான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து எவ்வளவு தூரம்? சாயந்திரம் அங்கிருந்தே போன். தூணைப் பார்த்தானாம். ஓர் எழுத்தும் புரியவில்லையாம். ஆனாலும் ரொம்ப நேரம் நின்றானாம்.

"இந்த விக்கிரமாதித்தனை வச்சு யாரும் நாவல் எழுதலையா அங்கிள்?"

"எனக்குத் தெரிஞ்சு தமிழ்ல இல்லப்பா."

"அப்ப நீங்க எழுதுங்களேன்."

நான் பி.காம். என்பதை அவனுக்கு மறுபடியும் ஞாபகப்படுத்தினேன்.