ஜான் வெடர்பர்ன்

ஜான் வெடர்பர்ன் (1729–1803) ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரைச் சேர்ந்த நிலக்கிழார். ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பைக் கொண்டு கரும்புத் தோட்டம் நடத்திப் பெரும்பொருள் சேர்த்தவர். ஆனால் அவருடைய பெயர் நிலைத்திருப்பது அவர் தோற்ற ஒரு வழக்கினால்தான். ஜோசப் நைட் என்ற அடிமைக்கும் அவருக்கும் நடந்த அந்த வழக்கு, ஸ்காட்லாந்து மண்ணில் மனிதனை உடைமையாக வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ந்தது.

குடும்பம் நொடிந்துபோனது அரசியலால். தந்தை சர் ஜான் வெடர்பர்ன், அரியணைக்கு உரிமை கோரிய சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் பக்கம் நின்று 1745 கிளர்ச்சியில் இறங்கினார். 1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் பிடிபட்டார்; அதே ஆண்டு நவம்பரில் லண்டனை அடுத்த கென்னிங்டனில் ராஜதுரோகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். பாரனெட் என்ற பரம்பரைப் பட்டமும் பறிபோயிற்று. அதே போரில் கலந்துகொண்ட மூத்த மகன் ஜான் தப்பி, தலைமறைவாகத் திரிந்து, ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை.

தீவின் மேற்குக் கோடியிலுள்ள வெஸ்ட்மோர்லாந்து வட்டாரத்தில் முதலில் அவர் வைத்தியம் பார்த்தார். அதற்கென முறையாகப் படித்தவரல்லர். பின்னால் தம்பிகளும் வந்து சேர, கையில் தேறிய பணம் கரும்பு நிலமாகவும் அடிமைகளாகவும் மாறியது. ப்ளூ காசில் அவருடைய தோட்டங்களில் ஒன்று. வெட்டிய கரும்பைப் போட்டுவைத்தால் சாறு புளித்துவிடும் என்பதால் அறுவடைக் காலத்தில் ஆலையும் காய்ச்சும் கொப்பரைகளும் இரவு பகலாக ஓடின. தூக்கக் கலக்கத்தில் கரும்பு ஊட்டுபவரின் விரல் உருளைகளுக்கிடையே சிக்கினால் கையை வெட்டியெடுக்க ஆலையோரம் கோடரி வைத்திருப்பது கரீபியத் தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. 1760இல் ஜமைக்காவை உலுக்கிய, அடிமைகளின் டாக்கி கலகம் வெஸ்ட்மோர்லாந்திலும் மூண்டது. மிகக் கொடூரமாக ஒடுக்கப்பட்டது. அரசனை எதிர்த்த தந்தைக்கு நேர்ந்த கதியைப் பார்த்த மகன், இந்த முறை ஒடுக்கும் தரப்பில் இருந்தார்.

ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவனாகக் கடத்திவரப்பட்ட நைட்டை வெடர்பர்ன் ஜமைக்காவில் விலைக்கு வாங்கினார். நைட் என்பது அவரை ஏற்றிவந்த கப்பலின் தலைவனுடைய பெயர். வயல் வேலைக்கு அனுப்பாமல் வீட்டுப் பணிக்கு வைத்துக்கொண்டு, 1760களின் இறுதியில் ஊர் திரும்பியபோது உடன் அழைத்துவந்தார். பாலிண்டீன் பண்ணையை வாங்கிக் குடியமர்ந்தார். நைட் அங்கே எழுத்துப் படித்தார், ஞானஸ்நானம் பெற்றார், முடிதிருத்தவும் கற்றார். சம்பளம் கிடையாது, உணவு, உடை, எப்போதாவது கைச்செலவுக்குச் சில்லறை.

1772இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் சாமர்செட் வழக்கில் அடிமையை வலுக்கட்டாயமாக நாட்டைவிட்டுக் கொண்டுசெல்ல முடியாது என்று மான்ஸ்பீல்டு பிரபு வழங்கிய தீர்ப்பை நைட் செய்தித்தாளில் படித்தார். அதே வீட்டில் வேலைசெய்த ஆன் தாம்சனை மணந்தார். வெடர்பர்ன் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கினார். நைட் மூட்டை கட்டினார். வெடர்பர்ன் அவரைக் கைதுசெய்வித்தார். உள்ளூர் நீதிபதிகள் எஜமானர் பக்கம் நின்றார்கள். அவர்களும் நிலக்கிழார்கள்தானே! பெர்த் ஷெரிப் நீதிமன்றமோ 1774இல் நைட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வெடர்பர்ன் விடாமல் எடின்பரோ உச்ச சிவில் நீதிமன்றத்துக்குப் போனார். நைட்டுக்காக வாதாடியவர்களில் ஹென்றி டண்டாஸும் ஒருவர்; அடிமை வணிக ஒழிப்பைத் தள்ளிப்போட்டவர் என்று பிற்காலத்தில் பழி சுமந்த அதே டண்டாஸ். அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனும் நைட்டின் தரப்புக்கு வாதக் குறிப்பு எழுதித் தந்தார். ஜமைக்காச் சட்டம் தரும் ஆண்டான் உரிமை அநீதியானது, அது இங்கே செல்லாது என்று 1778 ஜனவரியில் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் முடிவுசெய்தனர். நைட் விடுதலையானார். ஜமைக்காத் தோட்டங்களை இத்தீர்ப்பு தொடவில்லை. அங்கே முன்போலவே கரும்பு வெட்டப்பட்டது.

தம்பி ஜேம்ஸின் கதை இன்னும் கசப்பானது. ரோசானா என்ற அடிமைப் பெண் அவரால் கருவுற்றார். பிறக்கும் பிள்ளை சுதந்திரன் என்ற நிபந்தனையோடு அவரைக் கர்ப்பிணியாகவே ஜேம்ஸ் விற்றார். 1762 வாக்கில் பிறந்த அந்த ராபர்ட் வெடர்பர்ன், பாட்டி டாக்கி ஆமியிடம் வளர்ந்தார். தாயும் பாட்டியும் சவுக்கடி பட்டதைக் கண்ணால் கண்டவர். கடற்படையில் சேர்ந்து, லண்டனில் தையற்காரராகி, தீவிர அரசியல் பேச்சாளரானார். வறுமையில் தந்தையின் இன்வெரஸ்க் மாளிகைக்கு உதவி கேட்டுப் போனபோது கிடைத்தது நீர்த்த பீரும் விரிசல் விட்ட ஓர் ஆறு பென்னிக் காசும் என்று அவரே எழுதினார். மதநிந்தனைக் குற்றத்துக்காக டார்செஸ்டர் சிறையில் இரண்டாண்டு கழித்தபின், 1824இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். தந்தையின் முறைவழி மகன் ஆண்ட்ரூ கோல்வில் அந்த உறவை மறுத்துச் செய்தித்தாளுக்கு எழுதி, ரோசானாவின் நடத்தை மீது சேற்றை வாரி இறைத்தார். பின்னர் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் ஆளுநரான கோல்வில், அடிமைமுறை ஒழிந்தபோது அரசு வழங்கிய இழப்பீட்டையும் பெற்றார். இழப்பீடு உடைமையாளர்களுக்குத்தான், அடிமைகளாயிருந்தவர்களுக்கு எதுவுமில்லை.

ஜான் இறந்த 1803ஆம் ஆண்டிலேயே மகன் டேவிடுக்குப் புதிதாகப் பாரனெட் பட்டம் கிடைத்தது. அது ஜானின் இன்னொரு மகனும் பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவருமான ஜானுக்கும், பிறகு அவருடைய பிள்ளைகளுக்கும் இறங்கியது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர், பட்டம் வருமுன்பே, 1857 எழுச்சியின்போது ஹிசாரில் கொல்லப்பட்டார். இன்னொருவர் நம் வாசகர்களுக்குத் தெரிந்த பெயர்: சர் வில்லியம் வெடர்பர்ன். ஏ. ஓ. ஹியூமுடன் சேர்ந்து இந்திய தேசிய காங்கிரஸை வளர்த்து, 1889இல் பம்பாயிலும் 1910இல் அலகாபாதிலும் அதற்குத் தலைமை தாங்கிய அவர், பாலிண்டீன் ஜானின் பேரன்.