கத்தியில இருந்து லேசர் வரைக்கும்

லேசர் பண்ணிக்கலாமான்னு யோசிக்கிற கண்ணாடி மக்களே, மொதல்ல கொஞ்சம் வரலாறு.

1940கள்ல ஜப்பான் டாக்டர் சாட்டோ, கிட்டப்பார்வைக்காக கார்னியாவை உள்பக்கமும் கத்தியால கீறினார். பார்வை தெளிவாச்சு. ஆனா உள்பக்க செல்கள் செத்தா திரும்ப வளராது. பல வருஷம் கழிச்சு நிறைய பேருக்கு கார்னியா வீங்கி மங்கிப்போச்சு.

1970கள்ல மாஸ்கோ டாக்டர் ஃபியோதரோவ் வெளிப்பக்கம் மட்டும், சக்கரத்தோட ஆரங்கள் மாதிரி கீறினார். அமெரிக்காவில் 'பெர்க்' ஆய்வு இதைப் பத்து வருஷம் தொடர்ந்து அளந்தது. 1994ல வந்த முடிவு: 43% கண்கள் ஒரு டயாப்டரோ அதுக்கு மேலயோ தூரப்பார்வை பக்கம் நகர்ந்திருந்தன!

1981ல ஐபிஎம்மில், மெட்ராஸ் யூனிவர்சிட்டியில படிச்ச நம்ம ரங்கசாமி சீனிவாசனும் குழுவும், எக்ஸைமர் லேசர் சுத்துப்புறத்தைக் கருக்காம திசுவைச் செதுக்கும்னு கண்டுபிடிச்சாங்க. அதுல இருந்து பிஆர்கே, அப்புறம் லேசிக். பிஆர்கேல வலி அதிகம், பார்வை தெளிய நாளாகும். லேசிக்ல பெரும்பாலும் மறுநாளே தெளிவு. ஒரு வருஷம் போனா பார்வையில ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா லேசிக்ல வெட்டின மடல் பழைய பலத்தோட ஒட்டுறதில்லை. வருஷங்கள் கழிச்சும் பலமா அடிபட்டா நகரலாம்.

அதனால டாக்டர்கிட்ட மறுநாளைப் பத்தி மட்டும் கேக்காதீங்க, பத்து வருஷத்தைப் பத்தியும் கேளுங்க. பண்ணிக்கிட்டு அவ்வளவு காலம் ஆனவங்க இருந்தா, எப்படி இருக்குன்னு சொல்லுங்களேன்.